தண்ணி துப்புதா?

எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் திட்டி எழுதுவதாகத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். மைலேஜ் போச்சு என்று ஊரே புலம்புகிறது. என் வயிற்றெரிச்சல் வேறு. மச்சானின் எட்டு குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் படகு மோட்டாரைப் பற்றி இங்கே எத்தனை தடவை அழுதிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். (இன்னும் எடைக்குப் போடலையா என்று நந்தியம்பாக்கத்திலிருந்து ஒருவர் மாதாமாதம் கேட்கிறார். போடவில்லை ஐயா.)

ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இருபது தடவை இழுத்தேன். கம்மென்று கிடந்தது. கேனில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் இரண்டு அடுக்கு: மேலே 2டி ஆயிலின் நீலச் சாயத்தோடு பெட்ரோல், அடியில் கலங்கலாக ஏதோ ஒன்று. மூடியின் காற்றுத் துளையைத் திறந்தே விட்டிருக்கிறேன், மழை இறங்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தக் காலப் பெட்ரோல் என்றால் தண்ணீர் தனியே அடியில் கிடந்திருக்கும், வடித்துவிட்டுப் போயிருப்பேன். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். பெட்ரோலை அம்போவென்று விட்டுவிட்டுத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. ஆயில் மட்டும் பெட்ரோலோடு மேலேயே நிற்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு அடியில் ஆயில் சம்ப் ஏது? லிட்டருக்கு 20 மில்லி என்று நாம் கலந்து ஊற்றுவதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கிற கஞ்சி. அடியில் நின்ற அந்தக் கலங்கலைக் குடித்து ஓடியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். ஸ்டார்ட் ஆகாமல் போனது மோட்டாரின் கெட்டிக்காரத்தனம்.

இதை இன்னும் நாலு பத்தி இழுத்திருப்பேன். மெக்கானிக் அண்ணனிடம் போனதில் எல்லாம் மாறிவிட்டது.

ஷேர் ஆட்டோவில் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் போய்ச் சேர்ந்தேன். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைப் பற்றி மூச்சு விடமாட்டேன், மூன்று வாரம் எழுதியாயிற்று. அண்ணன் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஓலைக் கொட்டகை, பாதியாக வெட்டிய நீல டிரம், அவ்வளவுதான். கேனைக் கழுவினார், கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டை ஊதினார், பிளக்கைத் தேய்த்து மாட்டினார். டிரம்மில் வைத்து ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது. என் இருபது இழுப்பை அவரிடம் சொல்லவில்லை.

கிளம்பலாம் என்று பார்த்தால் அவர் மோட்டாருக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தார்.

"இன்னா தம்பி, தண்ணி துப்புதா பாத்தியா?"

மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுச் சின்னப் பையன் மூத்திரம் போவது மாதிரி வளைந்து விழவேண்டிய நீர், நூலாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினார். உப்பு அடைக்கவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரின் அடிக்காலை இறக்கி, அந்த நீரை இறைக்கும் பம்புக்குள் இருந்த இம்பெல்லரை என் உள்ளங்கையில் வைத்தார். ஆறு இதழ் ரப்பர்ப் பூ. போன பொங்கலுக்குப் போட்டது. இதழ் நுனிகள் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தன. பம்பின் உட்சுவரில் வட்ட வட்டமாகக் கீறல். அங்கே ஒட்டியிருந்த ஈரத்தை விரலால் வழித்துத் தேய்த்துக் காட்டினார். மணல் என்றால் கரகரக்கும். இது மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில்.

"கடல்ல ஓட்றவனுக்கு ரெண்டு வருஷம் வரும். நீ ஆத்துல ஓட்ற."

கொசஸ்தலையாற்றைச் சொல்கிறார். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவதும், குழாய் உடைந்து அது ஆற்றில் கொட்டுவதும், பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இதே கழிமுகத்தில் வந்து இறங்கியது. மீனவர்கள்தான் பக்கெட்டும் மக்குமாக வாரினார்கள்.

கொட்டகைத் தூணில் ஒரு கம்பி தொங்குகிறது. கழற்றிய இம்பெல்லர்களை அண்ணன் அதில் கோத்து வைத்திருக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அடியில் கிடப்பவற்றுக்கு இதழ் முழுசாக இருக்கிறது, ரப்பர்தான் வெடித்திருக்கிறது, வயசாகிச் செத்தவை. மேலே வர வர மழுங்கல். நடுவில் ஏழெட்டு மட்டும் கன்னங்கரேலென்று, எண்ணெய் ஏறி உப்பி.

"அது புயல் வருஷம்" என்றார். நான் கேட்கவில்லை.

புது இம்பெல்லரில் கிரீஸ் தடவி, இதழ்கள் சுற்றும் பக்கத்துக்கு எதிராக மடங்கும்படி திருகி இறக்கினார். மறுபடி டிரம். நீர் வளைந்து விழுந்தது. அதில் விரலை நீட்டிச் சூடு பார்த்துவிட்டு, என் பழசைக் கம்பியின் உச்சியில் கோத்தார்.

மறுநாள் காட்டுப்பள்ளிப் பக்கம் படகில் மாட்டி ஓட்டினேன். துப்பல் ஜோர். கால் மணி நேரம் போயிருப்பேன், ஆற்றின் நடுவிலேயே விசிறி சாம்பல் சேற்றைக் கிளறி எறிந்தது. நிறுத்திவிட்டுக் காலை விட்டுப் பார்த்தேன், முட்டியளவு. மோட்டாரைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கில் கழியை எடுத்தேன்.