காஃபீனும் கடைசி செட்டும்

ஆட்டத்துக்கு முன் காஃபீன் எடுக்கலாமா என்று வீரர் கேட்டால், "தடைப் பட்டியலில் இல்லை, எடுத்துக்கொள்" என்பதோடு நம்மில் பலர் முடித்துவிடுகிறோம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-இல் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். கண்காணிப்பில் இன்றும் வைத்திருக்கிறது. ஆனால் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று சொல்லித்தர வேண்டியது பயிற்சியாளரும் விளையாட்டு மருத்துவரும்தான்.

பலன் இருக்கிறது. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசினின் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்வதால், அதே ஓட்டம் சற்று இலேசாகத் தெரிகிறது. 2007-இல் வெளியான டென்னிஸ் ஆய்வு ஒன்றில், உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் எடுத்தவர்களின் சர்வீஸ் வேகம் கடைசி செட்டில் கூடுதலாக இருந்தது. 2015-இல் வெளியான பாட்மின்டன் ஆய்வில் அதே அளவு காஃபீன் கலந்த பானம் வீரர்களின் குதிக்கும் உயரத்தைக் கூட்டியது.

இரண்டும் காலுக்கும் தோளுக்கும் கிடைத்த லாபம். ஆனால் நம் ஆட்டமான பாட்மின்டனில் பாதி விரல் நுனியில் இருக்கிறது. டபுள்ஸில் வலையை ஒட்டிப் போக வேண்டிய ஷார்ட் சர்வீஸை நினைத்துப் பாருங்கள். அளவு மீறினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஸ்மாஷில் சம்பாதித்த புள்ளியை அங்கே விட்டுவிடுவோம். கிலோவுக்கு 9 மில்லிகிராம் வரை போனால் பெருகுவது பக்கவிளைவுதான். ஆகவே 3-இல் தொடங்குங்கள், அதையும் முதலில் பயிற்சி ஆட்டத்தில் பாருங்கள்.

60 கிலோ வீரருக்கு இது 180 மில்லிகிராம். ஃபில்டர் காபியில் இதை அளக்க வழியில்லை, டிகாக்‌ஷன் வீட்டுக்கு வீடு மாறும். 'ப்ரீ-ஒர்க்அவுட்' பொடிகள் இன்னும் மோசம்: மெத்தில்ஹெக்சேனமைன் போன்ற தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால் பழி வீரரின் தலையில்தான் விழும்.

நம் போட்டிகளில் உண்மையான சிக்கல் நேரம். காலை பத்து மணிக்கு சிங்கிள்ஸ், மாலை ஐந்துக்கு டபுள்ஸ், மறுநாள் காலிறுதி. உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் வீராங்கனைகளுக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு. காலையில் எடுத்ததில் ஒரு பங்கு மாலையிலும் உள்ளே இருக்கும். அதன்மேல் இன்னொரு முழு அளவு கூடாது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்தது என்கிறது 2013-இல் வெளிவந்த ஆய்வு. மாலை ஆட்டத்துக்கு எடுக்கும் காஃபீனுக்கு மறுநாள் காலை ஆட்டம் விலை கொடுக்கிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பது இந்த இதழின் நிலை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சிறுவர்களுக்குக் கவலையற்றது என்று சொல்லும் அளவே நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 40 கிலோ பிள்ளைக்கு 120. லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை இந்திய விதி அனுமதிப்பதால், 250 மில்லி எனர்ஜி டிரிங்க் டின்னில் 75 இருக்கலாம். இரண்டாவது டின்னிலேயே எல்லை தாண்டிவிடும். அந்த டின்னைப் பெரும்பாலும் பிள்ளைக்கு வாங்கிக்கொடுப்பது அப்பாவோ அம்மாவோதான், அதுவும் அன்போடு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு டின்னை எடுத்துப் போங்கள். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அதில் அச்சிட்டிருக்கும் வரியை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.