காசநோய் மாத்திரையால் தோல் அரிப்பு: மருந்தை நிறுத்துவது யார் முடிவு?

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. புதிய நோயாளிகளின் விகிதத்தை 2015-இல் இருந்த நிலையிலிருந்து 80 சதவீதம் குறைப்பதே இலக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த விகிதம் 2024-இல் 187 ஆகியுள்ளது. இது 21 சதவீதக் குறைவுதான். இலக்கு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது.

மருந்து இல்லாத நோயல்ல இது. ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அந்த ஆறு மாதத்தை முடிக்க விடாமல் தடுக்கும் காரணங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று, மாத்திரையால் வரும் தோல் அரிப்பும் தடிப்பும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஆரம்பாக்கம் பகுதி மீனவர் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். உப்பு நீரிலும் வெயிலிலும் நாள் முழுக்க நிற்பவருக்கு உடம்பில் அரிப்பு வந்தால் ஏரித் தண்ணீர் மீதே முதல் சந்தேகம் வரும். மாத்திரைதான் காரணம் என்று தோன்றினாலோ, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடத் தோன்றும். பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதை ‘பாடு’ என்ற ஊர்முறை வகுத்து வைத்திருக்கிறது. முறை வரும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய வருமானம் போய்விடும்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கலாம். ஒன்று, சாதாரண அரிப்புக்காக மருந்தையே கைவிடுவது. பாதியில் விட்டால் நோய் திரும்பும்; மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம். மற்றொன்று, ஆபத்தான தடிப்பைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தொடர்வது. இது உயிரையே பறிக்கக்கூடும்.

தடிப்பு இல்லாமல் அரிப்பு மட்டும் இருந்தால், அரிப்புக்கான மாத்திரை கொடுத்து மருத்துவர் சிகிச்சையைத் தொடரச் செய்வார். உடம்பில் தடிப்பு பரவினால் எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்வார். காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல், முகவீக்கம் ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அரிப்போடு கண் மஞ்சளானால் கல்லீரல் பாதிப்பைச் சோதிக்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மட்டும் ரிஃபாம்பிசினின் இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

தடிப்பு ஆறியபின் மருந்துகளை ஒவ்வொன்றாக, சிறிய அளவில் தொடங்கித் திரும்பக் கொடுப்பார்கள். பொதுவாக ஐசோனியசிட் அல்லது ரிஃபாம்பிசினில் தொடங்குவார்கள். எதைக் கொடுக்கும்போது தடிப்பு திரும்புகிறதோ, அதுவே காரணம் என்று தெரிந்துவிடும். ஆனால் இப்போது தரப்படுவது பல மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. தனித்தனி மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் கையிருப்பில் இருந்தால்தான் இந்தச் சோதனை நடக்கும்.

தோல் எதிர்வினையைக் கவனித்ததால் சிகிச்சை முறையே மாறிய வரலாறு உண்டு. தயாசெட்டசோன் என்ற மலிவான மருந்து ஒரு காலத்தில் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவலாகப் பயன்பட்டது. எச்.ஐ.வி. தொற்றுள்ள காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு அதனால் தோல் பாதிப்பு வந்ததாகவும், சிலர் இறந்ததாகவும் 1991-இல் வெளியான நைரோபி ஆய்வு காட்டியது. அதன்பின் அவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

2022-இல் தமிழகம் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறியப்படும்போதே உடல் எடை, மூச்சு விகிதம், ஆக்சிஜன் அளவு போன்றவற்றைப் பார்த்து ஆபத்தான நிலையில் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் தோல் எதிர்வினை முதல் நாளில் வருவதில்லை. மாத்திரை தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ, நோயாளி வீட்டில் இருக்கும்போது வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடித் தரும் அரசு, முதல் இரண்டு மாதங்களில் காசநோயாளியின் வீட்டுக்கும் சென்று “அரிப்பு, தடிப்பு உண்டா?” என்று கேட்க வைக்க முடியும்.

ஊர்ப் பஞ்சாயத்தும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியதும் உண்டு. நோயை மறைக்க வேண்டிய நிலை யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்வதும், சிகிச்சைக்குச் செல்பவரின் ஒருநாள் கூலியை ஈடுசெய்வதும் அவர்களால் முடியும். உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் அவர் கையையும் முதுகையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் 104 அல்லது காசநோய் உதவி எண் 1800-11-6666-ஐ அழையுங்கள். மருந்தை நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. அரிப்பு வந்த அன்றே அவரிடம் சொல்வது நம் கையில் இருக்கிறது.