நம் மாவட்டத்தின் குரல்



இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எங்கே தொடங்கியது, சொல்லுங்கள்? டெல்லியிலா, சென்னையிலா? இரண்டும் இல்லை. நம் நாகர்கோவிலில்! 1984 அக்டோபர் 30 அன்று அகில இந்திய வானொலி அதைத் தொடங்கியது. மண்டைக்காட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதற்கு முன்பும் நம் வீடுகளில் ரேடியோ பாடியது. ஆனால் அது வெளியூர்க் குரல். திருவிதாங்கூர் காலத்தில் 1943-ல் வந்தது திருவனந்தபுரம் நிலையம். 1963-ல் திருநெல்வேலி வந்தது. சினிமாப் பாட்டுக்கோ எல்லோரும் இலங்கை வானொலியைத்தான் தேடினார்கள். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்றால் இன்றும் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலரும்.

நாகர்கோவில் நிலையம் வந்ததும் நிலைமை மாறியது. உள்ளூர் நிலையத்தின் எல்லை சிறியது. அதுவே நமக்கு வசதி. நாடு முழுவதற்கும் பொதுவாகப் பேச வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தோவாளைப் பூ விவசாயியையும், குளச்சல் மீனவரையும், விளவங்கோட்டு ரப்பர் தோட்டத் தொழிலாளியையும் மனதில் வைத்து ஒரு நிலையம் பேசலாம். இதைவிட நமக்கு நெருக்கமான ஊடகம் வேறென்ன இருக்கிறது?

“பழைய பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறதே, ரேடியோ எதற்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போனில் நாம் தேடிய பாட்டு வரும். அதுவும் ஹெட்போன் வழியே ஒருவர் காதுக்கு மட்டும். ரேடியோவில் நாம் நினைக்காத பாட்டு வரும், வீடே கேட்கும். அடுக்களையில் அம்மா பி. சுசீலாவோடு சேர்ந்து பாடுவார், திண்ணையில் தாத்தா டி.எம். சௌந்தரராஜனுக்குத் தாளம் போடுவார். பாடம் படிக்கும் பேரப்பிள்ளை, “இது யார் பாடினது?” என்று கேட்கும். தலைமுறைகள் பேசிக்கொள்ள இப்படியொரு சாக்கு இன்று எத்தனை வீடுகளில் கிடைக்கிறது?

இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? மரங்கள் விழுந்தன, கரண்ட் போனது, போனில் சார்ஜ் தீர்ந்தது. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி ரேடியோவுக்கு நெட்டும் வேண்டாம், செல்போன் டவரும் வேண்டாம். கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் அது டார்ச் லைட்டைப் போல எப்போதும் தயாராக இருக்க வேண்டிய பொருள்.

பல இடங்களில் உள்ளூர் நிகழ்ச்சிகளின் நேரம் குறைந்துவருகிறது என்று ரேடியோ ரசிகர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. கேட்பவர்கள் இருக்கிறோம் என்று நாமே காட்டிக்கொள்ளாவிட்டால் நமக்காக யார் பேசுவார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவியை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, பண்பலை 101-ஐ வையுங்கள். பிடித்திருந்தால் நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். எந்தப் பாட்டு வேண்டும், நம் ஊர் வில்லுப்பாட்டும் மாசிக் கொடைத் திருவிழாவும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று உரிமையோடு கேளுங்கள். கடிதத்தில் உங்கள் ஊர்ப் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்