பாம்புக்கும் புண் வரும்!

கேளம்பாக்கத்துக்குத் தென்கிழக்கே, கடலோரம் வடநெம்மேலி. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தோன்றியது. பாம்பைப் பானையில் வைத்து விஷம் எடுப்பார்கள். பிறகு காட்டில் விடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது!

நம் உயிரைக் காக்கும் பாம்புக்கும் நோய் உண்டு. அடைத்து வைத்த இடத்தில் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் கிளம்பும். சூடான விளக்குப் பட்டால் தோல் வெந்துவிடும். பாவம், அது வாய்விட்டு அழாது!

உலர்ந்த, சுத்தமான இடமே முதல் மருந்து. களிம்பைக் கால்நடை மருத்துவர் தரவேண்டும். தோல் உரிய உரியப் புண் ஆறும்.

நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பாம்பைக் கண்டால் மஞ்சள் பூசப் போகாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்!