கயாக் வாடகை: பலகையில் எழுதி வையுங்கள்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் படகுச் சவாரி என்றதும் நினைவுக்கு வருவது குற்றாலம்தான். ஐந்தருவிச் சாலையில் உள்ள வெண்ணமடைக்குளம் சாரல் காலத்தில் நிரம்பினால்தான் அங்கே படகு ஓடும். சில மாத வருமானத்தில் ஆண்டு முழுக்கப் படகுகளைப் பராமரிக்க வேண்டும் என்பதால், வாடகை சற்றுக் கூடுவதில் நியாயம் உண்டு.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்ட விரும்புவோர் சிலர் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு வரை போகிறார்கள். அங்கே வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். கொடுக்கும் பணத்தில் ஊராருக்கும் பிழைப்பு நடக்கிறது.

ஒருவர் ஓட்டும் கயாக்கா, இருவர் ஓட்டுவதா, எவ்வளவு நேரம், வழிகாட்டி உடன் வருவாரா, விடுமுறை நாளா என்பதைப் பொறுத்து வாடகை மாறும். இதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால், வாடகை குறைவு என்று நம்பிப் போன ஓரிடத்தில் உயிர்காப்புச் சட்டைக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். அதன் கொக்கியும் உடைந்திருந்தது. உயிர்ப் பாதுகாப்பைத் தனியாக விலை பேசக் கூடாது.

எனவே வாடகை, நேரம், முன்பணம், சேதத்துக்கான பிடித்தம் எல்லாவற்றையும் நுழைவாயிலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். உயிர்காப்புச் சட்டையை வாடகைக்குள் அடக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சலுகையும் வேண்டும். சுற்றுலாத் துறை ஆவன செய்யுமா?

– வாசகர், ராஜபாளையம்