தெருப்பூனைகளைப் பிடித்துச் சென்றால் தொல்லை தீருமா?

தாமான்களில் தெருப்பூனைகள் பெருகினால் குடியிருப்பாளர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்து, பூனைகளைப் பிடித்துப் போகச் சொல்கிறது. மறு தரப்பு இரக்கப்பட்டுச் சோறு வைக்கிறது. இரண்டாலும் எண்ணிக்கை குறைவதில்லை.

பெட்டைப் பூனை பிறந்த 4, 5 மாதங்களிலேயே கருத்தரிக்கக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள்தான். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மீண்டும் சினைப்படவும் கூடும். ஓரிடத்துப் பூனைகளை அகற்றினாலும் சாப்பாட்டுக் கடைக் கழிவும் மூடாத குப்பைத்தொட்டியும் எலியும் அங்கேயே இருக்கின்றன. காலியான இடத்துக்குப் பக்கத்திலிருந்து வேறு பூனைகள் வந்துவிடுகின்றன.

ஆகவேதான் பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடும் முறையை விலங்கு நல அமைப்புகள் வலியுறுத்துகின்றன. இதன்பின் இரவுச் சண்டையும் கத்தலும் சிறுநீர் நாற்றமும் குறையும். அடையாளத்துக்காகக் காது நுனி சற்று வெட்டப்படும். ஆனால், ஒன்றிரண்டு பூனைகளுக்கு மட்டும் செய்தால் பயனில்லை. அப்பகுதியின் பெரும்பாலான பூனைகளுக்கும் செய்தாக வேண்டும்.

ஆளைக் கண்டதும் சீறி ஓடும் பூனை கொடியது அல்ல. பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதர் கைபட்டு வளராததால் அது அஞ்சுகிறது. அதைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது அதற்கு வேதனை. குட்டிகளைப் பழக்கி வீடுகளுக்குக் கொடுக்கலாம்.

கோபத்தில் வெந்நீர் ஊற்றுவதும் விஷம் வைப்பதும் குற்றம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உணவு வைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. தினமும் ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை உடனே எடுத்துவிட்டால் எலியும் புகாரும் குறையும். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். பாராசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

கருத்தடைச் செலவுதான் பெரிய தடை. தனி ஒருவர் தாங்க முடியாத அத்தொகையைக் குடியிருப்பாளர் சங்கம் பகிர்ந்துகொண்டால், புகார் செய்பவரும் சோறு வைப்பவரும் ஒரே வேலையில் சேரலாம். அதற்கு முன், வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் விட்டு, அது ஈன்ற குட்டிகளைச் சந்தையிலும் தோட்டத்து ஓரத்திலும் விட்டுவரும் பழக்கம் நிற்க வேண்டும். தெருப்பூனைகள் பல அங்கிருந்துதான் தொடங்குகின்றன.