இறைவாக்கு பஞ்சாங்கம் அன்று

"சாமி, என் பிள்ளை கடலில் போனது வேதத்தில் முன்னமே எழுதியிருக்கிறதாமே, மெய்தானா?" தேவிபட்டினத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், மகனை அலைக்குப் பறிகொடுத்த தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது. துக்க வீட்டிற்குச் செபிக்க வந்த ஒருவர், கடலின் முழக்கத்தைக் கூறும் வசனத்தை எடுத்துக்காட்டி, "நிறைவேறிவிட்டது" என்று சொல்லிச் சென்றாராம்.

நம் கரையோரம் கண்ட அழிவுகள் பல. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியைச் சிதைத்து, பயணிகளோடு தொடர்வண்டியையும் விழுங்கியது. 2004இல், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாளே, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலரை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. இத்தகைய பேரிடர்களைக் கண்டதும் இறந்தோருக்காக அழுமுன் வசனம் தேடுவோர் நம்மிடையே உளர்.

தேவிபட்டினக் கடலினுள் நிற்கும் ஒன்பது கற்களை வலம்வந்து, கோள்களின் தோஷம் நீங்க வேண்டும் அயலாரின் நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆனால் அவர்களைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம்மவரே விவிலியத்தைப் பஞ்சாங்கமாக்கிக் கொள்வது எவ்வகையில் நியாயம்?

'தீர்க்கதரிசனம்' என்ற பழைய சொல், தொலைவில் வருவதைக் காண்பதையே நினைவூட்டுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கு' என்கிறது. இதுவே பொருத்தமான சொல். இறைவாக்கினர் நாள் குறிப்பவர் அல்லர். இறைவனின் சார்பில் பேசுபவர். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று யோனா அறிவித்தார். மக்கள் மனம் மாறினர், நகரம் பிழைத்தது. குறி பொய்த்தது என்று யோனா சினந்தார். இறைவனோ இரக்கம் வென்றது என மகிழ்ந்தார். நம்மவர் பலர் இன்னும் யோனாவின் கட்சியிலேயே நிற்கின்றனர்!

அவ்வாறாயின் பழைய ஏற்பாடே எதற்கு என்பாரும் உண்டு. அவ்வாறு அதனை வெட்டியெறிந்த மார்சியோனை உரோமைத் திருச்சபை 144ஆம் ஆண்டிலேயே விலக்கி வைத்தது. வலையின் ஒரு கண்ணியை மட்டும் அறுத்தெடுத்து அதுவே வலை என்பதும், வலையில் பாதியை வீசியெறிவதும் ஒரே அறியாமையே. எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர், மோசே முதல் இறைவாக்கினர் அனைவர் வரை எடுத்து விளக்கினார் என்கிறார் லூக்கா. அங்கே அவர் காட்டிய மையம் புயலன்று, போரன்று. பாடுபட்டு மாட்சியடைந்த மெசியா. எசாயா பாடிய துன்புறும் ஊழியனும், ஆமோஸ் கேட்ட ஏழையின் நீதியும், எரேமியா கண்ட புதிய உடன்படிக்கையும் அவரிடத்தில் ஒன்றாகின்றன. நிறைவேறுதல் என்பது தந்த சொல்லை இறைவன் காத்தது. ஒரு செய்தியோடு ஒரு வசனத்தைப் பொருத்தும் விளையாட்டன்று.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டைப் படித்தார். ஆண்டவரின் அருள்தரும் ஆண்டு என்னும் இடத்தோடு நிறுத்தி ஏட்டைச் சுருட்டினார். அதனை அடுத்து எசாயாவில் வருவது பழிவாங்கும் நாள் பற்றிய தொடர். அதை அவர் படிக்கவில்லை. பின்பே, அந்த மறைநூல் வாக்கு இன்று நிறைவேறிற்று என்றார். அவர் படிக்காமல் விட்டதைத் துக்க வீட்டில் படிக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவரைவிடக் குற்றவாளிகள் என்னும் எண்ணத்தையும் அவர் மறுத்துவிட்டாரே!

அந்தத் தாய்க்கு நாம் கூறிய விடை இதுதான்: "அம்மா, உன் மகன் சாக வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் அழுதார் என்று எழுதப்பட்டிருக்கிறது. இறந்தோர் எழுவர் என்றும் எழுதப்பட்டிருக்கிறது."

அன்புள்ள இறைமக்களே, திருவருகைக் காலத்தில் எசாயா வாசிக்கப்படும்போது, அடுத்த பேரழிவு எப்போது என்று கணக்கிடாதீர்கள். சொன்ன சொல் தவறாதவர் நம்மிடையே வந்துவிட்டார் என்று கேளுங்கள். துக்க வீட்டிற்குச் செல்லும்போது அந்த ஒரு நற்செய்தியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.